நாலு மணி அடுப்பு

மே 4, திங்கள்

இந்த டைரி பேக்கரிக்கு மைதா போடுகிறவர்கள் கொடுத்தது. யாரும் எடுக்காமல் முதலாளி மேசையில் ஜனவரியிலிருந்து கிடந்தது. சலீமா அக்கா எடுத்து என் பையில் போட்டாள். "வாயால பேச மாட்டே. இதுலயாவது பேசு" என்றாள். சலீமா அக்காவும் நானும் பாக்கெட் போடுகிற ஆட்கள்.

இன்று வர்க்கி நானூறு பாக்கெட். வர்க்கி ரொட்டி அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருப்பதால் தொட்டாலே உதிர்கிறது. உதிர்ந்த தூளைச் சாயங்காலம் எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு கவர் கொண்டுவந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளம்ஸ் மரத்தில் காய்கள் ஒரு பக்கம் சிவந்துவிட்டன. அண்ணி அடுக்களை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள். குளிருதாம். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மே 6, புதன்

அம்மா போனில் அண்ணியின் அப்பாவிடம் பேசினாள். அவர்கள் ஊர், இந்த மலைக்குளிர் எட்டாத கோவில்பட்டிப் பக்கம்.

"தலை ஆடிக்கு எப்படியும் வந்து கூட்டிட்டுப் போவீங்க. அதை இப்பவே செஞ்சுருங்க. கொஞ்ச நாள் அங்க இருந்தா ஒடம்பு தேறும்."

ஆடிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆடிக்குப் போகிற பெண்ணை ஆவணியில் நாம் போய் அழைத்துவர வேண்டும், அதுதான் முறை. இப்படி முன்னாலேயே போனால் எப்போது அழைத்துவருவது என்று அம்மா சொல்லவில்லை. அந்தப் பக்கமும் கேட்கவில்லை போல.

அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை புறப்பாடு. அதற்குள் நான் அண்ணியிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மே 9, சனி

அண்ணி இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. பெயர் மாரிச்செல்வி. வந்த முதல் வாரம் நான் அவளோடு மூன்று வார்த்தைதான் பேசினேன். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

பிப்ரவரியில் மரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தபோது அவள் போனில் ஒரு சமையல் வீடியோ காட்டினாள். வெள்ளைக்காரம்மா ஒருத்தி பழத்தை இரண்டாக வெட்டிக் கொட்டையை எடுத்துவிட்டு, தட்டில் அடுக்கி, சர்க்கரை தூவி, மேலே மாவையும் வெண்ணெயையும் பிசிறிப் போட்டு அடுப்பில் வைத்தாள். வெளியே எடுத்தபோது ஓரமெல்லாம் சிவப்பாகக் கொதித்தது.

"மாவுக்குப் பதிலா வர்க்கித் தூள் போடலாம்" என்றேன்.

"ஏ புள்ள! நீ பேசுவியா?" என்று அண்ணி சிரித்தாள். "மே மாசம் பழுக்கும்ல? அப்ப நாம ரெண்டு பேரும் செய்வோம். நான் இம்மாம்பெரிய வயித்தோட நிப்பேன். குனிஞ்சு எடுக்குற வேலையெல்லாம் நீதான் பாக்கணும்."

மார்ச் முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை. மூன்று மாதம் முடிந்திருந்தது. காலையில் அண்ணன் வாடகைக்கு ஓட்டும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாள் மத்தியானம் அண்ணி திரும்பி வந்து குளித்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாற்பது நாள் ஆகிவிட்டது.

அந்தப் பழப் பலகாரத்தை நான் செய்யப்போகிறேன். கையில் ஒரு பாத்திரம் இருந்தால் எனக்குப் பேச்சு வரும் என்று தோன்றுகிறது.

மே 10, ஞாயிறு

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் ரப்பரைக் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடினால் கேக் வரும் என்று சலீமா அக்கா சொல்லியிருந்தாள். பன்னிரண்டு பழம், நாலு ஸ்பூன் சர்க்கரை, வர்க்கித் தூள்.

கேக்குக்குச் சரியாக இருக்கலாம். பிளம்ஸ் சூடேறினால் அவ்வளவு தண்ணீர் விடும் என்று எனக்குத் தெரியாது. ஆவி மூடியில் பட்டுத் திரும்பித் தூள்மேலேயே சொட்டியது. முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் கஞ்சி. வாயில் வைத்தால் கண் மூடிக்கொள்ளும் அளவுக்குப் புளிப்பு. பச்சையாகத் தின்றபோது இனித்த பழம் அது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இது ரசமா பாயசமா? ஒரு முடிவுக்கு வா."

பேசிக்கொண்டே பாதியைக் குடித்துவிட்டான். அவனுக்கு எதுவும் வீணாகக் கூடாது.

அம்மா குக்கர் அடியில் ஒட்டிய உப்பைச் சுரண்டினாள். "யாருக்குடி இது?"

நான் அடுப்பைத் துடைத்தேன். அண்ணி உள்ளே படுத்திருந்தாள்.

மே 12, செவ்வாய்

பேக்கரியில் இருப்பது விறகு அடுப்பு. வர்க்கி வெந்து முடிந்த பிறகும் உள்ளே சூடு சாயங்காலம் வரை நிற்கும். கிறிஸ்துமஸ் நேரத்தில் தெருக்காரர்கள் கேக் தட்டைக் கொண்டுவந்து அதில் வைத்து எடுத்துப்போவார்கள். யாகப்பன் மாஸ்டரிடம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.

மே 13, புதன்

கேட்கவில்லை.

மே 14, வியாழன்

அடுப்பறை வாசல் வரைக்கும் போனேன். "என்ன?" என்றார் மாஸ்டர். தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்லி இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தேன். தாகமே இல்லை.

மே 16, சனி

சலீமா அக்காதான் கேட்டாள். கேட்டாள் என்று சொல்ல முடியாது. இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"மாஸ்டரே! இந்தப் புள்ள மூணு நாளா உங்க அடுப்பைச் சுத்திச் சுத்தி வருது. ஒண்ணு அடுப்பைக் குடுங்க, இல்ல தண்ணிப் பானையை எங்க பக்கம் மாத்துங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாக்கெட் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டேன். மாஸ்டர் அங்கேயே வந்து நின்றார்.

"என்ன வேகணும்?"

"பிளம்ஸ்."

"பிளம்ஸையா? அதை அப்படியே திங்க வேண்டியதுதானே?"

"மேல வர்க்கித் தூள் போட்டு..."

"பழத்துக்குப் போர்வையா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, கொண்டா. ஆனா ஒண்ணு. அடுப்புக்கிட்ட யாரும் வரக்கூடாது. பொம்பளைங்கன்னு இல்ல, யாருமே. நானே வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

மே 18, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதிப் பழகினால்தான் சொல்ல வரும்.

மார்ச் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. அண்ணிக்குச் சோற்று வாசனையே ஆகாமல் இருந்தது. "புளிப்பா ஏதாச்சும் இருந்தாத் தேவல" என்றாள். மரத்தில் பிளம்ஸ் கோலிக்குண்டு அளவில் பச்சையாக இருந்தது. அம்மா முன்பே என்னிடம், என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தாள்: "அந்தக் காயைப் பறிச்சுக் குடுத்துடாதே. சூடு. மாசமா இருக்கறவளுக்கு ஆகாது."

நான் பறித்துக் கொடுத்தேன். ஏழு காய். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, துணி துவைக்கும் கல் பக்கம் உட்கார்ந்து தின்றோம். அண்ணி ஐந்து, நான் இரண்டு. "அத்தைக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் தோலை உரிச்சிருவாக" என்று அண்ணி சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது அண்ணிக்கு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "என்னத்தடி சாப்பிட்டே?" என்று கேட்டாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள்.

அன்றிலிருந்து என்னால் அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் இருக்கும் அறையில் நான் இருப்பதில்லை. தட்டை வாங்கும்போதும் தட்டைத்தான் பார்க்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அம்மாவின் முட்டிவலியைக் காரணமாகச் சொல்கிறோம். அதுவும் உண்மைதான். ஆனால் பத்தாம் வகுப்பு தொடங்கிய வாரம் என்னை எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழுத்து தெரிந்தது. குரல் வரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை.

அன்று ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் நின்றேன். "நான்தான் கொடுத்தேன்" என்ற இரண்டு வார்த்தை வரவில்லை.

மே 20, புதன்

கருகிவிட்டது. முழுக்க என் தப்பு.

மாஸ்டர் நாலு மணி என்று சொல்லியிருந்தார். எனக்கு மூன்று மணிக்கே வேலை முடிந்தது. தட்டோடு போய் நின்றேன். அவர் வர்க்கித் தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். என் தட்டும் வரிசையில் ஒன்று என்று நினைத்து உள்ளே தள்ளிவிட்டார். இப்போது வேண்டாம், நாலு மணிக்கு வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நின்றேன். பத்து நிமிடத்தில் புகை வாசனை வந்தது. மேலே கரி, அடியில் பழம் பச்சையாகவே இருந்தது.

"வாயில என்ன வச்சிருக்கே? வர்க்கியா?" என்று மாஸ்டர் சத்தம் போட்டார். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லணும். இது வர்க்கி வேகுற சூடு. பழத்துக்கு நாலு மணிச் சூடு போதும். கையை உள்ள நீட்டிப் பத்து எண்ணுற வரைக்கும் தாங்கினா, அதுதான் பழத்துக்கு."

பிறகு கரியைச் சுரண்டிவிட்டு ஒரு துண்டைத் தின்று பார்த்தார். "வெண்ணெய் இல்ல. வெறும் தூளு தீயத்தான் செய்யும். சக்கரையும் கூடப் போடு. வேக வேகப் புளிப்பு ஏறுது."

மே 23, சனி

எதிர்வரிசை வீட்டில் வளைகாப்பு. அம்மா காலையிலேயே அண்ணியிடம், "நீ வர வேண்டாம்மா. ஓய்வா இரு" என்றாள். அண்ணி "சரி அத்தை" என்றாள். நானும் போகவில்லை. அண்ணியோடு இருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் முன்னறைக்கு வந்ததும் நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். அவள் அடுக்களை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பெட்டியை இறக்கித் துணி அடுக்குகிறாள். புறப்பட இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஸ்வெட்டரை மட்டும் எடுத்து என் கொடியில் போட்டிருந்தாள். கோவில்பட்டியில் ஸ்வெட்டர் எதற்கு என்று நினைத்திருப்பாள். திரும்பி வந்தால் வேண்டுமே.

அம்மா வளைகாப்பிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். சாப்பிடவில்லை. பீரோவிலிருந்து மஞ்சள் கம்பளியில் பாதி பின்னிய எதையோ எடுத்துப் பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றினாள். நல்ல நூல். ஏன் பிரிக்கிறாள் என்று தெரியவில்லை. பிரித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். அப்புறம் அதையும் பிரித்தாள்.

மே 26, செவ்வாய்

வந்துவிட்டது!

பழம் பத்து. கொட்டையை எடுத்து, வெட்டிய பக்கம் மேலே தெரியும்படி அடுக்கினேன். சர்க்கரை ஏழு ஸ்பூன். வர்க்கித் தூளில் வெண்ணெயை விரல் நுனியால் பிசிறி, அழுத்தாமல் தூவினேன். நாலு மணிக்கு நானே "இப்ப வைக்கலாமா மாஸ்டர்" என்று கேட்டேன். சலீமா அக்கா தூரத்திலிருந்து கை தட்டினாள்.

முக்கால் மணி நேரம். தூள் பொன்னிறமாக மொறுமொறுவென்று இருந்தது. ஓரத்தில் சாறு கருஞ்சிவப்பாகக் குமிழ் விட்டது. மாஸ்டர் ஒரு ஸ்பூன், சலீமா அக்கா மூன்று ஸ்பூன் சாப்பிட்டார்கள். மீதியை மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அண்ணி முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்கலாம் என்று நினைத்தேன். நிமிர்ந்தாள். நான் நேரே அடுக்களைக்குப் போய்த் தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் தட்டை வழித்துக்கொண்டிருந்தான். "அம்சா, இது சூப்பர். அந்த ரசத்தைவிட ரொம்பத் தேவலை."

அவன் முதுகில் ஒன்று வைத்தேன். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

மே 28, வியாழன்

கையில் பாத்திரம் இருந்தும் பேச்சு வரவில்லை. வேறு வழி யோசித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் வீடு முழுக்க ஒளிய இடம் இருக்கிறது. அடுப்பறையில் ஒரே ஒரு வாசல்தான்.

காலையில் கிளம்பும்போது, செருப்பைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, நாளைக்கு நாலு மணிக்குப் பேக்கரிக்கு வர்றீங்களா?" என்று கேட்டேன்.

உள்ளே துடைப்பச் சத்தம் நின்றது.

"என்னையா?" என்றாள்.

மே 29, வெள்ளி

அண்ணி வந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவள் எங்கள் மேட்டுத் தெருப் படிக்கட்டு இறங்கிக் கடைத்தெருவுக்கு வந்தது இன்றுதான்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்புக்குள் கையை நீட்டிப் பத்து எண்ணினார். தட்டை உள்ளே தள்ளிவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன். முக்கால் மணி நேரம் ஆகும் எனக்கு டீ குடிக்க. கதவைத் தொறந்தீங்க, கொன்னுடுவேன்" என்று போய்விட்டார்.

மாவு மூட்டைமேல் இருவரும் உட்கார்ந்தோம். அண்ணி கையை அடுப்புப் பக்கம் காட்டிச் சூடு காய்ந்தாள்.

"எங்க ஊருல வெயிலுக்கு இந்தச் சூடே தேவலன்னு இருக்கும்" என்றாள். நான் அடுப்புக் கதவைப் பார்த்தேன். "உள்ள வச்சது அதானா? அந்த வீடியோல பாத்தது?"

தலையாட்டினேன்.

"உங்க அண்ணன் சொன்னாக. செவ்வாக்கிழமை தட்டு முழுக்கத் தின்னேன்னு. எனக்குன்னு தெரியாதாம்."

வாசனை வர ஆரம்பித்தது. இனிமேல் சொல்லாவிட்டால் மாஸ்டர் வந்துவிடுவார் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால்தான் வந்தது.

"நான்தான் கொடுத்தேன். அம்மா வேண்டாம்னு சொல்லியும் கொடுத்தேன். என்னாலதான் போச்சு. நீங்க என்னைக் காட்டிக் கொடுக்கலை."

கண்ணைத் திறந்தேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னத்தக் குடுத்த?"

"காய். பிளம்ஸ் காய். அந்த ஞாயித்துக்கிழமை. உப்பு மிளகாய் தொட்டு."

"எந்தக் காய்?" என்றாள். பிறகு நினைவு வந்தது. முகம் அப்படியே மாறியது. "அய்யோ, ஏட்டி! அதுவா? அதையா ரெண்டு மாசமா மனசுல வச்சிட்டுத் திரிஞ்ச?"

அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேளு. அந்த டாக்டரம்மா ஸ்கேன் பொட்டியைத் திருப்பிக் காட்டுனாக. பத்து வாரத்துலயே வளர்ச்சி நின்னுபோச்சும்மான்னாக. எனக்கு அப்ப பதிமூணு முடிஞ்சு போச்சு. கணக்குப் போட்டுப் பாரு. மூணு வாரமா நான் சும்மா வயித்தைத் தடவிட்டு இருந்திருக்கேன். நீ காய் பறிச்சது ரெண்டு நாளைக்கு முந்தி. என்னத்தத் தின்னதாலயும் இல்ல, யாரு செஞ்சதும் இல்ல, சில கரு நிக்காதுன்னாக. நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். திருப்பித் திருப்பிச் சொன்னாக."

"அம்மா கேட்டப்போ ஒண்ணும் இல்லன்னு..."

"அத்தை என்னத்தக் கேட்டாகன்னே எனக்குத் தெரியாது புள்ள. அப்ப எனக்குக் காது அடைச்சுக் கிடந்துச்சு. நீ நின்னதுகூட ஞாபகம் இல்ல."

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதா? ஸ்கேன்ல சொன்னது?"

"உங்க அண்ணன்கிட்ட அன்னிக்கே சொன்னேன். அவுக வீட்டுல சொல்லியிருப்பாகன்னு நெனச்சேன்." அவள் நிறுத்தினாள். "சொல்லலையா?"

அண்ணன் சொல்லவில்லை. பெண்கள் விஷயம், அண்ணியே அம்மாவிடம் சொல்லியிருப்பாள் என்று அவன் இருந்திருப்பான். எனக்கு அவனைத் தெரியும்.

அப்போதுதான் அண்ணி அழுதாள். பெரிய சத்தமில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அத்தை வளைகாப்புக்கு வர வேணாம்னாக. சரி, பெரியவுக, அவுகளுக்கு ஒரு கணக்கு. உங்க அண்ணன் வண்டி வண்டின்னு போயிட்டாக. ஆனா நீயும் என் மொகத்தைப் பாக்கலையே அம்சா. நான் ஒரு பக்கம் வந்தா நீ மறுபக்கம் போற. சரித்தான், ஆகாதவன்னு இந்தப் புள்ளையும் முடிவு பண்ணிருச்சு, இனி நான் இங்க யாருக்காக இருக்கன்னு நெனச்சேன். ஸ்வெட்டரைக்கூட உனக்குன்னுதான் போட்டேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. இடது புருவத்தில் ஒரு மச்சம் இருந்ததை மறந்தே போயிருந்தேன். "எனக்கு அது தொளதொளன்னு இருக்கும் அண்ணி" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவள் அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

மாஸ்டர் வந்து தட்டை எடுத்தபோது ஒரு மூலை கருகியிருந்தது. "டீக்கடையில கூட்டம்" என்றார் அவர். ஆறும்வரை பொறுக்கவில்லை. அண்ணி ஸ்பூனை ஊதி ஊதிச் சாப்பிட்டாள். நாக்கைச் சுட்டுக்கொண்டாள். கருகிய மூலையையும் சுரண்டித் தின்றாள். அவள் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டு நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை போகத்தான் வேண்டும். அவள் அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார்.

மே 30, சனி

காலையில் அம்மா வெந்நீர் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காய் கொடுத்ததிலிருந்து, பத்து வாரம் வரை. இந்த முறை கண்ணை மூடவில்லை. சுள்ளியைப் பார்த்தேன்.

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா ஒடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"டாக்டர் சொன்னாங்களா? பத்து வாரத்துலயேன்னு?"

"ஆமாம்மா. அண்ணனுக்கும் தெரியும்."

"அந்தத் தடியனுக்குத் தெரியுமா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் கையில் இருந்த சுள்ளியைக் கீழே போட்டுவிட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு முந்தின நாள் ரேசன் அரிசியை அவதான் படியேறித் தூக்கிட்டு வந்தா. எனக்கு முட்டி வலி. நான் தூக்குன்னு சொல்லலை. வேண்டாம்னும் சொல்லலை. பின்னாலயே வெறுங்கையோட ஏறி வந்தேன்."

ஒடித்த சுள்ளிகளை அடுக்கிக்கொண்டே, "என்ன சாப்பிட்டேன்னு நான் கேட்டதே, அவ அரிசி மூட்டையைச் சொல்லிடக் கூடாதுன்னுதான்" என்றாள்.

பிறகு எழுந்து போய்விட்டாள். வெந்நீர் அடுப்பை நான்தான் பற்ற வைத்தேன்.

சாயங்காலம் அண்ணியின் அப்பா வந்தார். மெலிந்த மனிதர், தோளில் துண்டு. குளிரில் நடுங்கினார். அம்மா அண்ணனின் ஸ்வெட்டரைக் கொடுத்தாள். "இருக்கட்டும்மா" என்று போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டார். மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அண்ணியிடம் இன்னும் எதுவும் பேசவில்லை. சாப்பாடு போடும்போது மட்டும் நெய்யை இரண்டு தடவை ஊற்றினாள்.

மே 31, ஞாயிறு

ஒன்பது மணிக்கு எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அண்ணன் பெட்டியை மேலே ஏற்றினான். அண்ணியின் அப்பா அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"போயிட்டு வாறோம் தாயி" என்றார். பிறகும் அங்கேயே நின்றார். அவர் எதற்காக நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணை எப்போது அழைக்க வருவோம் என்று புகுந்த வீட்டார்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பெண் வீட்டார் கேட்கக் கூடாது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். அண்ணன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பேச்சு வராத குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் வரவில்லை.

"ஆவணி ஒண்ணாம் தேதி நான் வருவேன் மாமா" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. பக்கத்தில் வாழைப்பழம் விற்கிறவர்கூடத் திரும்பினார். "அண்ணியைக் கூட்டிட்டுப் போக. நாத்தனார் நான் வருவேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். "பேசாத புள்ளைன்னு சொன்னாகளே" என்றார். கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

அண்ணி படியில் ஏறாமல் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்தாள். அம்மா இரண்டடி முன்னால் வந்து, அண்ணியின் கழுத்தைச் சுற்றிச் சால்வையை இழுத்து மூடிவிட்டாள்.

"ரேசன் மூட்டையெல்லாம் அங்க தூக்காதே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அண்ணிக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. "சரி அத்தை" என்றாள். ஆனால் வளைகாப்பு அன்று சொன்ன "சரி அத்தை" இல்லை இது.

பஸ் வளைவில் மறையும்வரை நின்றோம். அண்ணன் வண்டி எடுக்கப் போனான். அம்மாவும் நானும் படிக்கட்டில் ஏறினோம். பாதியில் முட்டி வலித்து அம்மா உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"ஆவணி ஒண்ணு என்ன கிழமை வருது?"

"திங்கள்னு நெனைக்கிறேன்மா. காலண்டரைப் பார்க்கணும்."

"பேக்கரியில இப்பவே லீவு சொல்லி வை." அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "நீ தனியாப் போனா வழி கேக்கக்கூட வாயைத் தொறக்க மாட்டே. நானும் வரேன்."